சட்டை லைன் எழுதிய இங்கிலீஷ் பரீட்சை

காலர் அக்காவை நான் முதன்முதலில் சந்தித்தபோது அவர் என்னைப் பார்த்து அலறினார்.

"ஐயோ!"

அந்த ஒரு சத்தத்தில் வரிசையாக ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் எல்லாம் நின்றன. சட்டை தைக்கும் அந்த ஆலையில் எனக்கு அன்றுதான் முதல் நாள். மேனேஜர் வரும்வரை இங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நாற்காலி எதுவும் கண்ணில் படவில்லை. ஓரமாக ஒரு தள்ளுவண்டி நின்றது, அதன்மேல் வெள்ளைத்துணி விரித்திருந்தது, உட்கார்ந்தேன். அது விரித்த துணியல்ல. வெட்டி அடுக்கிவைத்த காலர் பீஸ்கள்.

"எழுந்திருங்க சார்! அது நாலு பேர் கழுத்துக்குப் போறது. நீங்க எதை வச்சு அழுத்திக்கிட்டு இருக்கீங்க பாருங்க!"

லைன் முழுக்கச் சிரித்தது. பக்கத்து மெஷினில் இருந்தவர் மட்டும் சிரிக்காமல், "விடுக்கா, புதுசா வந்த இஸ்திரிப் பெட்டின்னு நினைச்சுக்க" என்றார். அவருக்குப் பாக்கெட் என்று பெயர். சட்டைப்பை தைக்கிறவர். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. எதைத் தைக்கிறார்களோ அதுதான் பெயர். கைநுனிப் பட்டி தைக்கிற ஒருவர் கஃப், இன்னொருவர் பொத்தான். ஒரே வீட்டில் வாழ்ந்த அண்ணியும் நாத்தனாரும் ஆளுக்கொரு கை தைத்ததால் அவர்களை மட்டும் உறவு சொல்லியே கூப்பிட்டார்கள். எட்டு மெஷின், எட்டுப் பேர். ஒரு முனையில் வெட்டிய துணி ஏறும், மறுமுனையில் முழுச்சட்டை இறங்கும். அந்த எட்டுப் பேரில் முழுச்சட்டையைத் தானே தைத்தவர் ஒருவரும் கிடையாது என்று பிறகு தெரிந்தபோது, நான் அதிர்ந்தேன். அது முதல் அதிர்ச்சி மட்டும்தான்.

என்னை அங்கே எடுத்தது இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எங்கள் கிராமத்தில் இங்கிலீஷையே பாடமாக எடுத்துப் படித்த முதல் ஆளும் நான்தான். ஊருக்கு வரும் மருந்துச் சீட்டு, கோர்ட்டு நோட்டீஸ், கரண்ட் ஆபீஸ் கடிதம் எதுவானாலும் என் கைக்கு வந்துவிட்டுத்தான் உரியவர் கைக்குப் போகும். அப்படிப்பட்டவன் ஒரு தள்ளுவண்டியில் உட்கார்ந்து திட்டு வாங்கியதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. "பெரிய கம்பெனிம்மா, போனதுமே எல்லாரும் வேலையை நிறுத்திட்டு என்னைப் பார்த்தாங்க" என்று மட்டும் சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லையே.

வகுப்பு எதற்கென்றால், ஆலையிலிருந்து சட்டை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் புது விதி போட்டிருந்தார்கள். செக்கிங் மேசையில் நிற்கிறவர்கள் சட்டையில் இருக்கும் குறையை இங்கிலீஷில் எழுதித் தரவேண்டும். அதற்கு ஒரு பரீட்சை. அதில் தேறியவர்கள் இடம் காலியாகக் காலியாகத் தையலிலிருந்து செக்கிங்குக்குப் போகலாம். அப்போதைக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. பரீட்சையின் பெரும்பகுதி பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அதில் எது நவுன், எது வெர்ப், எது அட்ஜெக்டிவ் என்று கேட்பார்கள். சட்டையின் குறையைச் சொல்ல இது எதற்கென்று நான் மேனேஜரிடம் கேட்டேன். "கேள்வித்தாள் போட்டவன்கிட்ட கேளுங்க. நம்ம வேலை பாஸ் பண்றது" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் பாதி சாப்பாட்டுக்கு, பாதி வகுப்புக்கு. முதல் நாளே எட்டு வகையையும் கரும்பலகையில் எழுதினேன். நவுன், ப்ரோநவுன், வெர்ப், அட்ஜெக்டிவ், அட்வெர்ப், ப்ரெபொசிஷன், கன்ஜங்ஷன், இன்டர்ஜெக்‌ஷன்.

"எட்டா?" என்றார் பாக்கெட், சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே. "நாங்களும் எட்டுப் பேர்தான்."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்து நானும் சிரித்துவைத்தேன்.

காலர் அக்காவுக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. கல்யாணமாகி வந்த வருஷமே ஆலையில் சேர்ந்தவர். அன்று முதல் காலர், காலர், காலர்தான். புருஷன் ஒரு கிடங்கில் இரவுக் காவல். பகலில் அவர் தூங்குவார் என்பதால் விடுமுறை நாளில்கூட அக்கா வீட்டில் வாய் திறப்பதில்லை. பாத்திரம் வைப்பதுகூடத் துணி விரித்துத்தான். "வீட்ல சேர்த்து வச்ச சத்தத்தை எல்லாம் இங்க வந்துதான் சார் செலவழிக்கணும்" என்பார். நூல் அறுந்தால் ஐயோ, ஊசி முறிந்தால் ஐயையோ, டார்கெட் எட்டினால் அடேயப்பா. மெஷின் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்கும்.

ஒருநாள் அவரைப் பலகையில் எழுதச் சொன்னேன். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு எழுதினார். பாதி வரியில் சாக்பீஸ் விழுந்தது.

"என்னக்கா, கையில அடியா?"

அவர் மற்றவர்கள் போகும்வரை காத்திருந்தார். பிறகு கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "தோள் போயிடுச்சு சார். இனிமே மெஷின்ல உட்கார்ந்தா கை மேல எழும்பவே எழும்பாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டார். இது மேனேஜருக்குத் தெரிஞ்சா, வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்கம்மான்னு அனுப்பிடுவார். எனக்கு அந்தச் செக்கிங் மேசை கிடைச்சா உண்டு, இல்லேன்னா இல்ல. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

வீட்டுக்குப் போவது என்றால் அவருக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். பகல் முழுக்க வாய் திறக்காத வீடு. அன்றிலிருந்து அந்தப் பரீட்சை என் பரீட்சை ஆகிவிட்டது.

வகுப்பு நன்றாகவே ஓடியது. நம்ப முடியாத அளவுக்கு நன்றாக. பலகையில் எழுதுவதற்குப் பதிலாகத் தாளில் கொடுங்கள் சார், கை மாற்றிவிட்டுத்தான் எங்களுக்குப் பழக்கம் என்றார்கள். நீளத் தாளில் ஒரு வாக்கியம் எழுதி முதல் ஆளிடம் கொடுப்பேன். தாள் கை மாறிக் கை மாறி மேசையோரமாகப் போகும். ஆளாளுக்கு ஏதோ குறித்துத் தள்ளுவார்கள். கடைசியில் காலர் அக்கா வாங்கி ஒருமுறை மேலிருந்து கீழே பார்ப்பார். "ஏய், ரெண்டாவது சொல்லு மொட்டையா நிக்குது, யாருது பாருங்க!" என்று சில சமயம் திருப்பி அனுப்புவார். என்னிடம் வரும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே அதன் வகை எழுதியிருக்கும். ஒரு தப்பு இருக்காது.

நான் பூரித்துப்போனேன். மேனேஜரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் எழுதிக் கொடுத்த கோணல்மாணல் வாக்கியமும் மேசையைச் சுற்றிவிட்டுச் சுத்தமாகத் திரும்பி வந்தது.

"அட, தையலைவிட இது வேகமா ஓடுதே!" என்றார் அவர். "கெட்டிக்காரர்தான் சார் நீங்க."

அன்று மாலை அம்மாவிடம் அந்த வாக்கியத்தை அப்படியே சொன்னேன்.

பரீட்சை நாள் வந்தது. வாங்குகிறவர்களின் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சொல்லிக்கொடுத்தவர் உள்ளே இருக்கக்கூடாது என்று என்னைப் படிக்கட்டுக்கு அனுப்பிவிட்டார். கேள்வித்தாள்களைக் கொடுத்துவிட்டு அவரும் மேனேஜர் அறைக்குக் கணக்குப் பேசப் போனார். சாப்பாட்டு அறையைப் பார்த்துக்கொள்ள வாசல் செக்யூரிட்டி அண்ணனை நிறுத்தினார்கள். அவர் பிறந்ததிலிருந்து பரீட்சை அறைக்குள் போயிராதவர்.

நான் படியில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் அவர் எட்டிப் பார்த்தார்.

"எப்படிண்ணே போகுது?"

"கவலைப்படாதீங்க சார். லைன் நல்லா ஓடுது."

இந்தப் பதிலில் என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நேரம் முடிந்ததும் அந்த அம்மா உள்ளே போனார். சற்று நேரத்தில், "அந்த வாத்தியாரைக் கூப்பிடுங்க!" என்று குரல் வந்தது. ஓடினேன்.

மேசைமேல் விடைத்தாள்கள் ஒரே கட்டாக இருந்தன. தைக்கிற நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, மேலே ஒரு சீட்டுச் செருகி, அதில் லைன் நம்பர் எழுதியிருந்தது. முடிந்த பண்டலை அங்கே அப்படித்தான் கட்டுவார்கள். அந்த அம்மா நூலைப் பிரித்து முதல் தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

எல்லாம் சரியான விடை. ஆனால் ஒரு தாளில் எட்டுக் கையெழுத்து. நவுன் என்று குண்டு குண்டாக ஒருவர், வெர்ப் என்று சாய்த்து ஒருவர், கன்ஜங்ஷன் என்று எறும்பு ஊர்ந்த மாதிரி ஒருவர். அடுத்த தாளைப் புரட்டினேன். அதிலும் அதே எட்டுப் பேர். அதற்கடுத்ததிலும்.

"இது யாருடைய தாள்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"எங்களுது" என்றார் அண்ணி.

"எங்களுதுன்னா? யார் எழுதினது?"

"எல்லாரும்தாங்க. எட்டும் முடிச்சுட்டோம். ஆல்ட்டர்னு பிரிச்சுத் திருத்த ஒண்ணுகூட இல்ல, அக்கா பார்த்துதான் கட்டினாங்க."

முகத்தில் ஒளிவுமறைவு இல்லை. பயமும் இல்லை. வேலையை முடித்த களிப்புதான் இருந்தது. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. நான் பலகையில் பழைய வகுப்பிலிருந்து அழிக்காமல் விட்ட ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன?" என்று நாத்தனாரைக் கேட்டேன். 'ஷர்ட்' என்கிற சொல்.

"அது அண்ணியோட வேலை சார்."

"உங்களுக்குத் தெரியாதா?"

"அவங்க நவுன், நான் ப்ரோநவுன். அவங்க இல்லாத இடத்துல நிக்கிறதுதான் என் வேலை. வீட்லயும் அப்படித்தான்."

பாக்கெட்டைக் கேட்டேன். "வெர்ப் மட்டும் கேளுங்க. எவ்வளவு வேணா கேளுங்க. மத்தது எதுக்கு எனக்கு? பொத்தான் தைக்கிறவளைக் காலர் தைக்கச் சொல்வீங்களா?"

வகுப்பு தொடங்கிய முதல் நாளே எட்டையும் எட்டுப் பேர் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு வேலை. வாழ்நாள் முழுக்க அப்படியே உழைத்தவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? அதைக் காப்பியடிப்பது என்று அவர்களில் ஒருவர்கூட நினைக்கவில்லை. இத்தனை நாளும் நான் எட்டுப் பேருக்குச் சொல்லிக்கொடுத்ததாக நினைத்தது, ஒரு ஆளுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். அந்த ஒரு ஆள் எட்டு உடம்பில் இருந்தார்.

கடைசியாகக் காலர் அக்கா பக்கம் திரும்பினேன். கேட்கவே பயமாக இருந்தது.

"உங்களுது எது அக்கா?"

"கடைசி சார். இன்டர்ஜெக்‌ஷன்."

"ஐயோ!" என்றேன். என்னையறியாமல் வந்தது.

"ஆமா, அதான்" என்றார் அக்கா. "ஆளாளுக்கு எடுத்தது போக மிச்சம் இருந்தது. நீதான் நாளெல்லாம் ஐயோ ஐயோன்னு கத்துறே, உனக்கு இதுதான் பொருத்தம்னு என் தலையில கட்டிட்டாங்க."

இருப்பதிலேயே சின்னப் பங்கு. பத்து வாக்கியத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிது. இந்தப் பரீட்சையை நம்பி இருக்கிற ஒரே ஆளுக்கு ஓ, ஹர்ரே, ஐயோவுக்கு இங்கிலீஷான அலாஸ் தவிர வேறு எதுவும் தெரியாது.

அந்த அம்மா சிவப்புப் பேனாவை எடுத்து எட்டுத் தாளுக்கும் குறுக்கே கோடு இழுத்தார். அவருக்கும் இப்படி ஒன்று வாழ்நாளில் நடந்திருக்காது. மேனேஜர் வந்தார், கத்தினார். என்னைக் கெட்டிக்காரன் என்று சொன்ன அதே வாயால் வேறு என்னென்னவோ சொன்னார். முடிவாக, "அடுத்த மாசம் இன்னொரு தடவை. அதுவும் இந்த லைனுக்கு ஒரே ஒரு ஆள். தனியா உட்கார்ந்து எழுதணும். யாருன்னு நீங்களே பேசிச் சொல்லுங்க" என்று கதவை அறைந்துவிட்டுப் போனார்.

எல்லோரும் பாக்கெட்டைப் பார்த்தார்கள். அவர்தான் இளையவர், வேகமானவர். ஒரு மாதத்தில் எட்டையும் விழுங்கிவிடக்கூடியவர்.

"பாக்கெட் போகட்டும்" என்றார் காலர் அக்கா. "நான் கிழவி. எனக்கு மண்டையில ஏறாது."

அவர் தோளைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டது தடுத்தது.

"அப்ப உன் காலரை யாரு தைப்பா?" என்றார் பாக்கெட்.

"ஏன், நான்தான்."

"நீ தைக்கிறியா? நீயா?" பாக்கெட் எழுந்துவிட்டார். "எத்தனை மாசமா என் டீ நேரத்துல உட்கார்ந்து உன் பண்டல்ல பாதியை முடிச்சுத் தர்றேன், உனக்கே தெரியாதா? கஃப் தைக்கிறா, பொத்தான் தைக்கிறா. தோள் போனதை மறைக்கிறாளாம், பெரிய ரகசியம்! புடவைமேல போட்ட கோட்டைக் கழட்டும்போது நீ படுற பாட்டை நாங்க பார்க்கலையா?"

காலர் அக்கா வாயைத் திறந்தார். வழக்கமாக வரும் ஐயோகூட வரவில்லை.

அவரைவிட எனக்குத்தான் அதிர்ச்சி. மேசை ஓரமாக நின்று பாடம் எடுத்த நான் ஒருவன்தான் அந்த ரகசியத்தைச் சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது லைன் முழுக்க ஏற்கெனவே பங்குபோட்டு முடிந்த வேலை.

"எனக்கும் அந்த மேசை வேணும்தான்" என்றார் பாக்கெட், குரலைத் தணித்து. "வேண்டாம்னு சொல்ல நான் ஒண்ணும் தியாகி இல்ல. ஆனா நீ இருந்தாலும் போனாலும் அந்தக் காலர் என் தலையிலதான். அதுக்கு நீ வீட்டுக்குப் போறதைவிட மாடிக்குச் செக்கிங்குக்குப் போய்த் தொலை."

மறுநாளிலிருந்து நடந்ததில் எனக்கு வேலையே இல்லை. நான் பலகை பக்கம் போனாலே, "சார், நீங்க சும்மா இருங்க. எட்டையும் சேர்த்துச் சொல்லிக் குழப்புவீங்க" என்று உட்காரவைத்தார்கள். ஆளுக்கொரு நாள் அவரவர் பங்கை அக்காவிடம் ஒப்படைத்தார்கள். அண்ணி, தைத்துக்கொண்டே கண்ணில் படுவதை எல்லாம் காட்டி இங்கிலீஷில் பெயர் கேட்டார். ஊசி, நூல், மேனேஜர், வழுக்கை. நாத்தனார் குறுக்கே புகுந்து, மேனேஜருக்குப் பதில் 'ஹீ' போடு என்பார். பாக்கெட்டின் நாள்தான் கொடுமை. அக்கா ஒரு வெர்பைத் தவறவிட்டால் மெஷினை நிறுத்திவிட்டு, "சொல்லு! சொன்னாத்தான் மிதிப்பேன்!" என்று காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். லைன் தேங்கும். சூப்பர்வைசர் வந்து கத்துவார். சூப்பர்வைசர் கத்தும்போதே ஏழு பேரும் சேர்ந்து, கத்துவது வெர்ப்பா அட்வெர்ப்பா என்று அக்காவிடம் கேட்பார்கள்.

வலித்த நாட்களும் இருந்தன. ஒருநாள் கன்ஜங்ஷனுக்கும் ப்ரெபொசிஷனுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு அக்கா தலையை மெஷின்மேல் சாய்த்துவிட்டார். "இத்தனை வருஷமா ஒரே ஒரு வேலையைச் செஞ்சே பழகிட்டேன் சார். இப்ப எட்டையும் ஒருத்தியே செய்னா எப்படி?" என்றார். பொத்தான் வந்து அவர் தோளில் எண்ணெய் தேய்த்துவிட்டு, "மெதுவா, மெதுவா" என்றார். அடுத்த நிமிஷமே, "மெதுவான்னா என்ன?" என்றார். "அட்வெர்ப்" என்று தலையை நிமிர்த்தாமலே பதில் வந்தது.

இரண்டாவது பரீட்சையில் அந்த அம்மா அறையைவிட்டு நகரவில்லை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு தாள். நாங்கள் எல்லோரும் படிக்கட்டில் இருந்தோம். மேனேஜர் இரண்டு முறை வந்து விரட்டினார், மூன்றாவது முறை அவரும் எங்களோடு நின்றுவிட்டார்.

அக்கா வெளியே வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"என்னக்கா? எழுதலையா?"

"எழுதிட்டேன். எல்லாத்துக்கும் எழுதிட்டேன்."

"அப்புறம் ஏன் இப்படி?"

"என் வேலை வரவே இல்ல சார்" என்றார், திகைத்துப்போய். "ஒரு ஓ இல்ல, ஒரு அலாஸ் இல்ல. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இவங்க ஏழு பேரோட வேலைதான் இருந்தது. எனக்குன்னு இருந்தது ஒண்ணுகூடக் கேட்கல."

பாக்கெட்தான் முதலில் சிரித்தார். பிறகு படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு. அக்கா மட்டும் சிரிக்காமல் நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். தேறிவிட்டார் என்று சாயங்காலம் சொன்னார்கள். முதல் தடவை மாதிரி எல்லா விடையும் சரியில்லை. அங்கங்கே தப்பு இருந்தது. ஆனால் கையெழுத்து ஒன்றே ஒன்று.

அவர் செக்கிங்குக்குப் போன முதல் வாரத்திலேயே மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை வீசினார். வெளிநாட்டுக்காரர்களுக்குப் போன குறை அறிக்கை. கோணிய காலர் ஒன்றைப் பற்றி அக்கா எழுதியது. சரியான வாக்கியம். ஆனால் தொடக்கத்திலேயே, ஆச்சரியக்குறியோடு, ஓர் 'அலாஸ்!'

"இது என்ன சார்? அங்கேருந்து போன் பண்ணிக் கேட்கிறான், யாராவது செத்துட்டாங்களான்னு!"

போய்க் கேட்டேன். "பரீட்சையிலதான் விடல. இங்கயாவது எழுதிக்கறேனே" என்றார்.

காலர் அக்கா இப்போது இரண்டாம் மாடியில், ஜன்னலோரச் செக்கிங் மேசையில் இருக்கிறார். தோள் முழுக்கச் சரியாகவில்லை, ஆனால் கை எழும்புகிறது. காலரை இப்போது பாக்கெட்தான் தைக்கிறார். அது கோணலாக வந்தால் மாடியிலிருந்து சத்தம் கீழே வரைக்கும் கேட்கும்.